ஆறேகால் சதுர மீட்டர் மாப்பிள்ளை

நடந்தவை, வரிசைப்படி:

1. பதினோரு அடி நீளத்தில் பந்தயத்துக்கு ஒரு பாய்மரப் படகு கட்டினோம். கட்டிய இடம் விருத்தாசலம். கடலுக்கு இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.
2. படகு முடிந்த பிறகுதான் பாயைப் பற்றி யோசித்தோம்.
3. நான்கு துணிகளைச் சோதித்தேன். அதற்காக ஒன்றை வேகவைத்தேன்.
4. நான்கும் தோற்றன. ஐந்தாவதாக வந்த ஒரு கல்யாண பேனர் வென்றது.
5. தார்ப்பாய் தைப்பவர் அதற்குக் கயிறு கோக்க நாற்பத்தொரு கண்கள் வைத்துக் கொடுத்தார். நான் கேட்டது பதினைந்து.
6. ஏரியில் ஓட்டிப் பார்த்தபோது என் கணக்கை மிஞ்சிய வேகத்தில் படகு போனது. நான் சந்தோஷப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
7. பந்தயத்தன்று காலை அளவெடுப்பவர் டேப்பை ஒரு முறை இழுத்தார், என்னைப் பார்த்தார், மறுபடி இழுத்தார்.

நாங்கள் என்றால் நானும் என் அண்ணியும். நான் செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமா முடித்துவிட்டு அண்ணனின் சிறிய பட்டறையில் வரைபடமும் சூளைக் கணக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ப்யூஸ் கட்டை, நூற்பாலைகளில் நூல் வழுக்கிச் செல்வதற்கான சின்னச் சின்னப் பீங்கான் வளையம், சீசனுக்குக் கொஞ்சம் பொம்மை, இவைதான் எங்கள் சரக்கு. அண்ணி புதுச்சேரிக்காரர். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தபோது பாய்ப்படகு ஓட்டப் பழகியவர். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, "ஒங்க ஊருல தண்ணி இருக்கறதே மண்ணு பெசையத்தான் போல" என்று சொன்னவர்.

அவர்தான் ஒரு முறை அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அந்த நோட்டீசைக் கொண்டுவந்தார். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கழிமுகத்தில் பாய்ப்படகுப் பந்தயம். வீட்டிலேயே கட்டிய படகுகளுக்குத் தனிப் பிரிவு. விதிகள் இரண்டே. படகு பதினோரு அடியைத் தாண்டக்கூடாது. பாய் ஐந்து சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது.

அண்ணன் நோட்டீசை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"விருத்தாசலத்துலேர்ந்து படகா? மணிமுத்தாத்துல மணலுதான் ஓடிகிட்டு இருக்குது."

"அப்பன்னா சக்கரம் வெச்சிக் கட்டிக்கறோங்க" என்றார் அண்ணி.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு வரைபடத்தைத் தேடி எடுத்தேன். பலகைகளை ஆசாரி தன் சொந்த இரும்பு டேப்பால் அளந்து வெட்டினார். நாங்கள் அவற்றைக் கம்பியால் தைத்து, ரெசின் பூசி, பட்டறையில் பொம்மை காயவைக்கும் கொட்டகையிலேயே படகாக்கினோம். அதுவரை நான் செய்ததெல்லாம் மண்ணால் ஆனவை, சூளைக்குள் போய் வெளியே வருபவை. மண் இல்லாமல் நான் செய்த முதல் பொருள் இது. ஜெயிக்கும் எண்ணமெல்லாம் இல்லை. தொடக்கக் கொடி இறங்கும்போது அந்தக் கோட்டில் எங்கள் படகும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் விரலால் பாய் வரைந்துகொண்டிருந்தேன்.

பாய்க்கு முதலில் நான்கு துணிகளைத் தேர்ந்தெடுத்தேன். லாரித் தார்ப்பாய், நெல்லுக்குப் போர்த்தும் நீலத் தாள், குடைத் துணி, ஜன்னல் திரைச்சீலை. நிஜமான பாய்த்துணி சென்னையிலிருந்து வர ஒன்றரை மாதம் ஆகுமாம். எங்களிடம் ஐந்து வாரம்தான் இருந்தது. செராமிக் படித்தவர்கள் கையில் எதைக் கொடுத்தாலும், இது எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்றுதான் முதலில் கேட்போம். அதற்கு எங்களிடம் ஒரு சோதனை உண்டு. காய்ந்த நிலையில் எடை போட்டு, இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, துடைத்து, மறுபடி எடை போட வேண்டும். ஓட்டுத் துண்டுகளுக்கான சோதனை அது. நான் தார்ப்பாயிலிருந்து ஒரு துண்டு வெட்டி அடுப்பில் ஏற்றினேன்.

அண்ணி மூடியைத் தூக்கிப் பார்த்தார். "என்னா கொழம்பு இது?"

"லாரித் தார்ப்பாய், அண்ணி."

"உப்பு போட்டியா?"

தார்ப்பாய் தன் எடையில் பாதி அளவு தண்ணீர் குடித்தது, நீக்கினோம். நீலத் தாளைக் குறுக்குவாட்டில் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். பிசைந்த மாவு போல நீண்டது, திரும்பிச் சுருங்க மறுத்தது. குடைத் துணியை மொட்டை மாடியில் காற்றில் பிடித்தபோது கிழிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. திரைச்சீலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது திரைச்சீலை.

பேனர் தானாக வந்தது. ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் ஒரு கல்யாண பேனரில் தேதி தப்பாகிவிட, பத்துக்குப் பதினாறு அடியில் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் சுருண்டு ஓரமாகக் கிடந்தார்கள். அச்சே இல்லாத வெள்ளை ஃப்ளெக்ஸ் விலை கேட்கத்தான் அங்கே போனேன். கடைக்காரர் அதைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"இத்த எடுத்துட்டுப் போங்கம்மா. கூரைக்குத்தான் எல்லாரும் கேக்கறாங்க."

வந்து சோதித்தேன். தண்ணீர் குடிக்கவில்லை. நீளவில்லை. கிழியவில்லை. கொஞ்சம் கனம், அவ்வளவுதான். ஒட்டுப்போடாமல் ஒரே துண்டில் முழுப் பாயையும் வெட்ட முடியும் என்று தெரிந்ததும் நானும் அண்ணியும் கொட்டகையில் கைகோத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினோம். மண் பிசையும் அக்கா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "கல்யாணம் யாருக்குங்க?" என்று கேட்டார்.

மற்ற சாமான்களில் பாய்மரம் சுலபமாகக் கிடைத்தது. நேரான சவுக்குக் கழி கிடைப்பது எங்கள் பக்கத்தில் ஒரு விஷயமே இல்லை. சுக்கானை மாட்ட கேட் கீல் இரண்டு. கயிறு, கடலூரில் வலைக்காரர்கள் வாங்கும் நைலான். கயிறு ஓட ஒரு கிணற்றுக் கப்பி வாங்கிவந்தோம். "இது நங்கூரத்துக்கு ஆவும்" என்று அண்ணி தள்ளிவிட்டார். அதற்குப் பதிலாக எங்கள் நூல் வளையங்களில் பெரியதாக எட்டு எடுத்து, கயிறு திரும்பும் இடங்களில் கட்டினேன். கயிறு அதில் வெண்ணெயாக வழுக்கியது. அண்ணி அதை இழுத்து இழுத்துவிட்டு, "இவ்ளோ நாளு நூலுக்குப் போயி இத்தக் குடுத்துகினு இருந்தீங்களே" என்றார்.

பாயைக் கொட்டகைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்தேன். செங்குத்து ஓரம் நான்கு மீட்டர், அடி ஓரம் இரண்டரை மீட்டர். முக்கோணம், எனவே சரியாக ஐந்து சதுர மீட்டர். சுவரில் தொங்கிய மர அளவுகோலை எடுத்து மூன்று முறை அளந்தேன். பாய்மரத்தில் குறி போட்டதும், பாயின் அடி ஓரத்தைப் பிடிக்கும் அடிக்கம்பை அறுத்ததும் அதே அளவுகோலால்தான். எல்லாம் ஒன்றோடொன்று மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தின. எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

தைக்க எடுத்துப்போனோம். தார்ப்பாய் தைப்பவர் ரோட்டோரத்தில் மெஷின் போட்டிருந்தார்.

"லாரிக்கா, நெல்லுக்கா?"

"படகுக்குங்க."

"மீன மூடவா?"

"காத்து புடிக்க" என்றார் அண்ணி.

அவர் மாப்பிள்ளையின் மீசையைத் தடவிப் பார்த்தார். "அப்ப அடிக்கொரு கண்ணு வெக்கணும்மா. இல்லாங்காட்டி பறந்துபூடும்." பறப்பதற்குத்தான் கேட்கிறோம் என்று விளக்கியும் பலனில்லை. லாரிக்கு வைப்பதுபோல மூன்று ஓரமும் சுற்றி அடிக்கொரு பித்தளைக் கண் அடித்துவிட்டார்.

ஊருக்கு வெளியே ஏரியில் முதல் முறை பாயை ஏற்றியபோது நாங்கள் இருவரும் கத்தியதில் கரையிலிருந்த எருமைகள் எழுந்துகொண்டன. படகு சாய்ந்தது, நாங்கள் மறுபக்கம் தொங்கினோம், அப்படியும் சாய்ந்தது.

"ஒனக்கு வெயிட்டு பத்தல, நல்லா சாப்புடு" என்று அண்ணி கத்தினார்.

"வேகத்தப் பாருங்க அண்ணி! கணக்குல வந்தத விட ஜாஸ்தியா போவுது!"

அன்று ராத்திரி மூன்று தோசை சாப்பிட்டேன்.

பந்தயத்தன்று படகைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, அண்ணன் முன்னால் உட்கார, நாங்கள் பின்னால் படகுக்குள்ளேயே உட்கார்ந்து போனோம். நெய்வேலி தாண்டும்வரை பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் அண்ணி கையசைத்தார். கழிமுகத்துக்குப் பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தயம் இரண்டு மணிக்கு. அளவெடுப்பவர் ஒல்லியான மனிதர், தொப்பி போட்டிருந்தார். படகை அளந்தார், சரி என்றார். மணலில் பாயை விரித்தோம்.

"யாரும்மா இவுரு?"

"மாப்பிள்ளைங்க" என்றேன்.

அவர் டேப்பை இழுத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி இழுத்தார். "நாலு நாப்பத்தெட்டு. ரெண்டு எம்பது. ஆறேகால் சதுர மீட்டரு வருதும்மா. அஞ்சுதான் அளவு. எறக்க முடியாது."

நான் மூன்று முறை அளந்தேன் என்றேன். அவர் டேப்பை என் கையில் கொடுத்தார். நானே அளந்தேன். நாலு நாற்பத்தெட்டு.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "நீ எந்த அளவுகோலு வெச்சி வரஞ்ச?"

"செவுத்துல தொங்குமே, மரத்துல."

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மண் சாமான் காய்ந்து வெந்து வெளியே வரும்போது சுருங்கிவிடும். அதனால் அச்சு செய்வதற்கென்று எங்கள் தொழிலில் தனி அளவுகோல் வைத்திருப்போம். அதில் நூறு என்று எழுதியிருக்கும் இடத்தில் உண்மையில் நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கும். அதைத் தினமும் கையில் எடுக்கிறவள் நான். அதன் கோடுகளை இழுத்தவளே நான்தான். சூளைக்குப் போகாத ஒரு பொருளுக்கு அதைத்தான் எடுத்திருக்கிறேன். பாய்மரமும் அடிக்கம்பும் அதே கோலால் அளந்தவை, அதனால்தான் எல்லாம் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கின்றன.

"அப்ப மாப்பிள்ளைய சுட்டாத்தான் சின்னவராவாரா?" என்றார் அண்ணி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டில் ஆறு படகுகள் நிற்பதாகவும், ஏழாவது இடம் வெறும் தண்ணீராக இருப்பதாகவும் கண்முன்னே தெரிந்தது. பிறகு, நல்லவேளையாக, கணக்கு தெரிந்தது. மூன்று ஓரமும் ஒரே விகிதத்தில்தான் பெருத்திருக்கின்றன. அடியில் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் மேலே மடித்தால், மிஞ்சுவது நான் வரைய நினைத்த அதே பாய். நான்கு, இரண்டரை, ஐந்து.

"சார், மடிச்சிக் கட்டினா ஒத்துக்குவீங்களா?"

"கட்டினா நடுத்தண்ணியில அவுத்துக்குவீங்க. தெச்சா ஒத்துக்கறேன்."

"ஒங்க டேப்பக் கொஞ்சம் குடுங்க சார்" என்றேன். இன்னொரு அளவுகோலை நம்ப நான் தயாராக இல்லை.

அண்ணன் ஓடிப்போய் கோணி ஊசியும் சணல் நூலும் வாங்கிவந்தார். ஒரு முனையில் அண்ணி, மறு முனையில் நான், நடுவில் அண்ணன். ஃப்ளெக்ஸ் இரண்டு மடிப்பில் ஊசிக்கு வழிவிடவில்லை. செருப்பால் தட்டித் தட்டி ஏற்றினோம். அவசரத்தில் என் துப்பட்டா நுனியையும் சேர்த்துத் தைத்துவிட்டேன், அண்ணி பல்லால் கடித்து விடுவித்தார். மாப்பிள்ளையின் கழுத்து மாலையும் பெண்ணின் கைகளும் மடிப்புக்குள் போயின. பாயின் பின்மூலையை அடிக்கம்போடு கட்ட ஒரு புதுக் கண் வேண்டியிருந்தது. பார்த்தால், மடிப்புக்கு நாலு விரல் மேலே, தார்ப்பாய்க்காரர் நாங்கள் கேட்காமல் அடித்த கண் ஒன்று பளபளத்தது. அண்ணி விருத்தாசலம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அளவெடுப்பவர் வந்து டேப்பை வைத்தார். "நாலு. ரெண்டரை." தையலை இழுத்துப் பார்த்தார். "போங்க, போங்க, நேரமாவுது!"

படகைத் தண்ணீரில் தள்ளி ஏறியபோது மற்ற ஆறும் கோட்டருகே வட்டமடித்துக்கொண்டிருந்தன. பாயை ஏற்றினேன், வளையங்களில் கயிறு சர்ரென்று ஓடியது. அண்ணி சுக்கானை முழங்காலால் பிடித்துக்கொண்டு, கலைந்த கொண்டையை முடிந்துகொண்டே, "கோடு எங்க, கோடு எங்க" என்றார். கோடு எங்கள் காலடியில் இருந்தது. கொடி இறங்கியது. நாங்கள் அங்கே இருந்தோம். என் வலது கையில் ஊசி குத்திய மூன்று இடங்கள் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தன. நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று கரையில் அண்ணன் பிறகு கேட்டார். சிரிப்புச் சத்தம் கரைவரை வந்ததாம்.

ஏழு படகுகளில் ஆறாவதாக வந்தோம். ஏழாவது ஒரு மீன் வலையில் சிக்கிக்கொண்டது. அதிலிருந்த இருவரும் எங்களை வாழ்த்தினார்கள்.

இப்போது படகு அண்ணியின் அம்மா வீட்டு காம்பவுண்டுக்குள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பாய் சுருட்டிய நிலையில் எங்கள் பட்டறைப் பரணில் இருக்கிறது, தையலைப் பிரிக்கவில்லை. பாய்மரம் தேவைக்கு மேல் அரை மீட்டர் உயரமாக நிற்கிறது. அதை அறுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.