குடை எடுக்க வந்தவள்

எங்கள் வாசகர் வட்டத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை உரசி உரசி ஃபிரேமுக்குள் உட்காரவைப்பது அவர் தொழில். படக்கதை எழுதுகிறவர்களைக் கண்கலங்க வைப்பது பொழுதுபோக்கு. வலமிருந்து இடமாகப் படிக்கிற ஜப்பானியப் படக்கதையான மாங்கா என்றால் உயிர். "மாங்காவா, கிலோ என்ன விலை?" என்று கடை முதலாளி கேட்கும் ஒரே ஜோக்கை வருடக்கணக்காகச் சகித்துக்கொண்டு வருகிறார்.

நான் சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறையில் படக்கதைப் புத்தகங்களை வாடகைக்கு விடுகிறவள். மாதம் ஒரு ஞாயிறு மாலை அங்கேதான் கூடுவோம். சொந்தச் செலவில் அச்சிட்டு வரும் புத்தகம் ஒன்றை ஒருவர் விமர்சிப்பார். பெரும்பாலும் கத்தரிதான். மற்றவர்கள் டிராகனின் சிறகை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர், "பறக்கத் தெரிஞ்ச பொண்ணு எதுக்கு மாடிப்படி ஏறுறா?" என்று கேட்பார். எழுதினவர் முகத்தில் ஈயாடாது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னொரு சமயம் ஓர் ஆள் தன் மச்சான் எழுதிய புத்தகத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்து எங்கள் எல்லார் தலையிலும் கட்டிவிட்டார். அதிலிருந்து, வருகிற புத்தகத்துக்கு நான் பழுப்புத்தாளில் உறை போட்டு, பெயர் உள்ள பக்கங்களைப் பின் அடித்து மூடித்தான் விமர்சகரிடம் கொடுப்பேன். யார் எழுதியது என்று தெரியாமலே அவர் படிக்க வேண்டும், கூட்டத்தில் விமர்சனத்தை வாசிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் எல்லார் முன்னாலும் உறையைக் கிழிப்போம். எழுதினவர் கூட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் கொண்டாட்டம்தான்.

கத்தரிக்கு இதற்குமேல் தனியாக ஒரு முறை இருந்தது. லென்ஸ் வருகிற அட்டைப்பெட்டியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார். முதல் வாசிப்பில் வசன பலூன்களையெல்லாம் அந்தத் துண்டுகளால் மூடிவிட்டுப் படங்களை மட்டும் பார்ப்பார். "வாயை மூடினா கண்ணு தொறக்கும்" என்பார். பிறகு ஒவ்வொரு அட்டையாக எடுத்து வசனத்தைப் படிப்பார்.

இனி அவருடைய வீட்டு விஷயம். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "அச்சுலயே வந்தாச்சு. நீங்களாவது சரியா எழுதுங்க" என்றார்.

அவருடைய மனைவி அவரை விட்டுப் போய்விட்டாள். சண்டையில்லை, கூச்சலில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டிப் போனவள், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். இவர் சாப்பாட்டு மேசையருகே நின்றுகொண்டிருந்தார். மனசு மாறிவிட்டது என்று நினைத்தார் பாவம். நாற்காலியை இழுத்து, சட்டை நுனியால் அதன் பலகையைத் துடைத்து, உட்கார் என்பதுபோல் தள்ளிப் போட்டார். அவள் நாற்காலியைப் பார்த்தாள். "உட்கார வரலை. குடை எடுக்க வந்தேன்" என்றாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போது இந்த உலகத்தில் இதை அவர் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான். தங்கையிடம். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள் அவள். அண்ணன் தனியாகிவிட்டாரே என்று அவரோடு வந்து தங்கினாள். நாற்பதைத் தொட்டவளை அவர் இன்றும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்கெல்லாம் "ஒத்துவரலை" என்ற ஒற்றை வார்த்தையோடு கதவைச் சாத்திக்கொண்டவர், பாப்பாவிடம் மட்டும் ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே முழுவதையும் சொல்லியிருக்கிறார். சொன்னபோது அவள் அழுதாளாம். மனசில் இருப்பதைக் கொட்டுவதற்கு அவருக்கு அந்த ஓர் இடம்தான் இருந்தது. வேறு நண்பர் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. நானெல்லாம் புத்தகம் வரையில்தான்.

அந்த மாதம் வந்த புத்தகம் ஒரு மாயாஜால மாங்கா. கதை ஒருவர், படம் ஒருவர், இரண்டும் புனைபெயர். உறை போடுமுன் நான் புரட்டிப் பார்த்தேன், ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். நல்ல புத்தகம் என்று நினைத்துக்கொண்டுதான் கத்தரியிடம் கொடுத்தேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் அறைக்கு வந்தார். வழக்கமாக வந்ததும் வராததுமாக எழுத்தாளரைக் கிழிக்கத் தொடங்குகிறவர், எழுதிய தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மேடம், இதை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். புனைபெயர்தான் இருக்கு. ஏன், அவ்வளவு மோசமா?"

"எனக்குத் தெரியும்" என்றார்.

பிறகு புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். நான் சிரித்த அதே பக்கம். மேக நாட்டின் எல்லையில் ஒரு கோபுரம். அதில் விளக்கேற்றுகிற ஒருவன். தவளை மூஞ்சி, தொந்தி, குட்டைக் கால். அவனோடு குடியிருந்த மழை ராணி அவனை விட்டுப் போகிறாள், திரும்பி வருகிறாள், அவன் நாற்காலியை இழுத்துச் சட்டை நுனியால் துடைக்கிறான். அவள் சொல்வது உங்களுக்கே தெரியும். மழைக்கே ராணி, அவளுக்கு எதற்குக் குடை என்பதுதான் நகைச்சுவை.

"முதல் தடவை அட்டை போட்டு மூடித்தான் பார்த்தேன். நாற்காலியைத் துடைக்கிறான் பாருங்க, இந்த ஒரு படம் போதும், இவனோட வாழ்க்கை முழுக்கத் தெரியுதுன்னு ஓரத்துல எழுதி வெச்சேன். அப்புறம் அட்டையை எடுத்தேன்."

அதன்பின் வீட்டுக் கதையையும், அதைப் பாப்பாவிடம் மட்டுமே சொல்லியிருந்ததையும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவேயில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை கேள்விப்பட்டிருக்கிறேன். மேய்ந்ததை ஏப்பம் விட்டு ஊருக்கே காட்டுகிற வேலியை இப்போதுதான் பார்க்கிறேன். உறவுக்காரர் புத்தகத்தை விமர்சிக்கக்கூடாது என்பது சட்டம், கூட்டத்தை ரத்து செய்துவிடுகிறேன் என்றேன்.

"தெரியாமத்தானே படிச்சேன்? வேணாம், நடக்கட்டும்" என்றார்.

மறுநாள் மாலை அறை நிறைந்துவிட்டது. இதுவரை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத தங்கை, நன்றாக உடுத்திக்கொண்டு வந்து கடைசி வரிசையில் அமர்ந்தாள். நாற்காலிக்கு அடியில் ஒரு பெரிய சாக்லேட் டப்பா. உறை கிழிந்ததும் எல்லாருக்கும் கொடுக்க. அண்ணன் பூரித்துப்போவார் என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. கெட்டவள் என்று ஒரேயடியாக வெறுத்துவிட முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கத்தரி எழுந்து நின்று வாசித்தார்.

"மழையைப் பங்கு போடுவதில் வருகிற சண்டை நல்ல களம். நடுவில் வாளைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் வருகிறது. முகங்களை மாற்றி ஒட்டினாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. வில்லனுக்குக் கோபம் இருக்கிறது, காரணம் இல்லை. கதாநாயகிக்குக் காரணம் இருக்கிறது, கோபம் இல்லை. இருவரும் ஒரு மூலையில் உட்கார்ந்து பேசி மாற்றிக்கொண்டிருக்கலாம்."

அறை சிரித்தது. தங்கையும் சிரித்தாள்.

"விளக்குக்காரன் சில பக்கங்களே வருகிறான். அவன் நாற்காலியைத் துடைக்கிற இடம்..." என்றதுமே முன்வரிசையில் ஒருவர் "குடை எடுக்க வந்தேன்!" என்று பெண்குரலில் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. கத்தரி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

"அந்த இடம்தான் இந்தப் புத்தகத்திலேயே சிறந்த இடம். எழுதியவருக்குக் கூர்மையான காது. அடுத்தவர் வீட்டில் மெதுவாகச் சொன்னதுகூட விழுந்திருக்கிறது. ஆனால் அந்தத் தவளை மூஞ்சி எதற்கு? அவனை மனுஷ முகத்தோடு வரைந்திருந்தால் இங்கே யாரும் சிரித்திருக்க மாட்டீர்கள். அது எழுதியவருக்கும் தெரியும். தெரிந்துதான் மூஞ்சியை மாற்றியிருக்கிறார்."

தங்கையின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நான் உறையைக் கிழித்தேன். புனைபெயருக்குச் சொந்தக்காரர் இங்கே இருந்தால் எழுந்திருக்கலாம் என்று வழக்கம்போல் சொல்ல வேண்டியிருந்தது. அவள் எழுந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். கத்தரியும் தட்டினார்.

கூட்டம் கலைந்தபின் நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணனும் தங்கையும் ஜன்னல் ஓரம் நின்றார்கள். திறக்காத டப்பா அவள் கையில்.

"எப்பண்ணா கண்டுபிடிச்சே?"

"அட்டையை எடுத்ததும்."

"கோவமா? உன் பேரை எங்கயாவது போட்டேனா? அது நீதான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொன்னப்பவே எனக்கு அது மனசுல அப்படியே ஒட்டிக்கிச்சு. சும்மா விட முடியலைண்ணா. முதல்ல சாதாரண மூஞ்சிதான். படம் போடறவங்க, இப்படியே விட்டா சோகமாயிடும், யாரு வாங்குவான்னாங்க. சரின்னுட்டேன். அடுத்த பதிப்புல அந்த இடத்தையே எடுத்துடறேன்."

"எடுக்காதே. அதை எடுத்தா புத்தகத்துல ஒண்ணுமில்லை."

"அப்புறம் என்னதாண்ணா பண்ணச் சொல்றே?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நான் உன்கிட்ட கதை சொல்லலை பாப்பா. எனக்கு நடந்ததைச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். அவள் டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். எனக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட மனம் வரவில்லை.

புத்தகம் விற்றது. அவருடைய விமர்சனமே அதற்கு நல்ல விளம்பரமாகிவிட்டது. தவளை மூஞ்சிப் படமும் அந்த ஒற்றை வரியும் பைகளில், தேநீர்க் கோப்பைகளில் எல்லாம் வந்தன. ஒருநாள் தங்கை என் அறைக்கு வந்து விசும்பினாள். "அண்ணன் எது கேட்டாலும் பதில் சொல்றாருங்க. சாப்பிட்டியான்னு கேக்கறாரு, சாவி எங்கேன்னு சொல்றாரு. ஆனா பேச மாட்டேங்குறாரு." நம்பிச் சொன்னதைச் சந்தையில் விரித்தால் வேறென்ன நடக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். கத்தரி இப்போது விமர்சனம் எழுதுவதில்லை. அட்டைத் துண்டுகளை என்னிடமே கொடுத்துவிட்டார்.

போன வாரம் என் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி சரியில்லை என்று அவர் கடைக்குப் போயிருந்தேன். உள்ளே உரசும் இயந்திரத்தின் சத்தம். ஒரு கல்லூரிப் பெண் கண்ணாடி வாங்க வந்தாள். கத்தரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னாலிருந்த நாற்காலியை இழுத்தார். சட்டை நுனியால் துடைத்தார். யார் வந்தாலும் அப்படித்தான் செய்வார், பிறவிப் பழக்கம்.

"ஐயோ அங்கிள்! அப்படியே அந்த விளக்குக்காரன் மாதிரி!" என்று அந்தப் பெண் துள்ளினாள். அவள் தோளில் தொங்கிய பையில் தவளை மூஞ்சி. "ப்ளீஸ் அங்கிள், இன்னொரு தடவை துடைங்க. வீடியோ எடுத்துக்கறேன்."

நான் எழுந்துவிட்டேன். ஏதாவது சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பேசாதீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, சட்டை நுனியைப் பிடித்து, சுத்தமாக இருந்த நாற்காலியை மறுபடியும் துடைத்தார். அவள் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சூப்பர் அங்கிள்! நீங்களும் அந்த புக் படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன்மா" என்றார். "அதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்."