எள்ளுருண்டை அல்ல, ரப்பர்

இன்று மலாயாவில், லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு தூக்குச்சட்டியால் நான் லாக்கப்புக்கே போயிருப்பேன்.

எமர்ஜென்சி ஆர்டர்தான் தெரியுமே. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கையில் கிடைத்துவிடும் என்று, குடியிருப்பைச் சுற்றிய முள்வேலி தாண்டி ஒரு பிடி சோறுகூடப் போகக்கூடாது. துரையின் பழைய ஸ்போர்ட்ஸ் காரோ வேலிக்கு வெளியே கொட்டகையில் நிற்கிறது. ஜப்பான்காரன் காலத்திலிருந்து ஓடாத கார். சின்னச் சின்ன ரப்பர் சாமானெல்லாம் இற்றுப்போனதால், சீமையிலிருந்து புதிதாக வரவழைத்தோம். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவி, காரில் பொருத்தச் சட்டியில் போட்டு எடுத்துப் போனேன்.

கேட்டில் காவல் போலீஸ்காரன் மாரிமுத்து மூடியைத் திறந்தான்.

"என்னண்ணே, எள்ளுருண்டையா? யாருக்குக் கொண்டு போறீங்க?"

"கெரெத்தா ரப்பர் தம்பி. துரை காருக்கு."

"மாவு தெரியுதுலா! பொய் சொன்னா உள்ள வச்சிருவாங்க." அவன் கை விசிலுக்குப் போனது.

"அப்ப நீயே கடிச்சுப் பாரு."

கடித்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பித் தந்தான். ரப்பரில் இரண்டு பல் பதிந்திருந்தது.

"இது எதுக்குண்ணே?"

"பிரேக்குக்கு."

"கார்ல யாரு போவாங்க?"

"துரை ஓட்டுவாரு. பக்கத்துல துப்பாக்கியோட நீ."

"ஐயோ, வேற போடுங்கண்ணே!" கொட்டகை வரை கெஞ்சிக்கொண்டே வந்தான். சட்டியையும் அவனே சுமந்தான்.

உண்மையில் அது கதவு அதிராமலிருக்க வைக்கும் ரப்பர். பொருத்திவிட்டேன், கதவு கச்சிதமாக மூடுகிறது.

மாரிமுத்துவிடம் இதை இன்றே சொல்லவா, துரையோடு ஒரு ரவுண்டு போய் வந்த பிறகு சொல்லவா?