உடையாத கண்ணாடி

எங்கள் கால்வாயின் கல்பாலத்துக்கு வயது இருநூறு. கட்டியவர்களின் எலும்புகூட மக்கியிருக்கும், வளைவு மட்டும் அசையாமல் நிற்கிறது. அதன் அடியில் ஒரு விரிசல். அந்த விரிசலுக்குக் காவல் இருப்பவரைத்தான் நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டியிருப்பார். கல் நூலளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்தால் பாலத்தை மூட வேண்டும். நான் படகோட்டி. திங்கட்கிழமைதோறும் அவரை ஏற்றிக்கொண்டு போய் வளைவுக்கடியில் படகை நிறுத்துவேன். அவர் எட்டிப் பார்த்து, நோட்டில் 'உடையவில்லை' என்று எழுதுவார். வருடக்கணக்காக அதே ஒற்றைச் சொல்.

"பள்ளிக்கூடத்துல இது ஒண்ணுதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று வம்புக்கு இழுப்பேன்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு திங்கள் காலை அது உடைந்திருந்தது.

"எவனாவது கல்லெறிஞ்சிருப்பான். புதுசு ஒட்டிட்டுப் போவோம்" என்றேன்.

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாமே" என்றார். கையோடு பாலத்தின் இரு முனையிலும் தடுப்புப் போட வைத்தார்.

மறுநாள் மத்தியானம் அவருடைய தம்பி மனைவிக்குப் பிரசவ வலி. பாலம் வழியே போனால் ஆஸ்பத்திரி கால் மணி நேரம். சுற்றிப் போனால் ஒன்றரை மணி. தம்பி தடுப்பருகே காரை நிறுத்திவிட்டு அண்ணன் காலைப் பிடித்தான்.

"ஒரே ஒரு வண்டிண்ணே."

"நடுவுல இடிஞ்சு விழுந்தா என்னடா பண்றது? சுத்திப் போயிடு."

சுற்றிப் போனார்கள். தாயும் பிள்ளையும் வழியிலேயே போய்விட்டார்கள்.

பத்து நாள் சோதித்துவிட்டு, பாலத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள் இன்ஜினியர்கள். தடுப்பை எடுத்தார்கள், லாரிகள் ஓடின. அதன்பின் எங்கே எதிர்ப்பட்டாலும் தம்பி ஒன்றே ஒன்று கேட்பான்: "பாலம் விழுந்துச்சாண்ணே?"

பாவி மனுஷன், புதுக் கண்ணாடி உடைந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் திங்கள்தோறும் எட்டிப் பார்த்தார். அவர் வாய் திறந்து சொன்னதில்லை. முகம் சொல்லியது. ஊரே நடக்கும் பாலம்! எனக்குக் கோபம் வரும். அதைவிட அதிகமாகப் பரிதாபம் வரும்.

போன திங்கள், கூப்பிடாமலே தம்பியும் படகில் ஏறினான். தலை முழுக்க நரைத்திருந்தது. வளைவுக்கடியில் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தான். பிறகு அண்ணனின் சாமான் பெட்டியைத் திறந்து, சுத்தியலை எடுத்து அண்ணனிடம் நீட்டினான்.

"உடைச்சுட்டு எழுதுண்ணே. அன்னிக்கு நீ செஞ்சது சரிதான்னு நானாவது நினைச்சுக்கறேன்."

அவர் வாங்கிக்கொண்டார். நான் துடுப்பை இறுக்கிப் பிடித்தேன். தலைக்கு மேல் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது. அது அடங்கியதும் சுத்தியலைப் பெட்டியில் வைத்தார். நோட்டைப் பிரித்து, தம்பி பார்க்கும்படி எழுதினார்: உடையவில்லை.