இ-பாஸ் இருக்கும், இருக்காது

இன்று காலை ஏரிச் சாலையில் நம் வேட்பாளரைப் பார்த்தேன். வெளிநாட்டில் பொருளாதாரம் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். நாடாளுமன்றத்துக்குத் தகுதியானவர் இவர் ஒருவர்தான் என்று இங்கே எழுதி, உங்களில் பலரோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

சாக்லேட் கடை செல்வம் அவரை மறித்தார். "சார், மலைக்கு வர்ற டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் கேக்குறதால ஏவாரமே படுத்துக் கெடக்கு. அதை எடுத்து விடுங்க சார்."

வேட்பாளர் நெஞ்சில் கை வைத்தார். "ஜெயிச்சதும் மொதச் சோலி அதுதாண்ணே."

அடுத்து, பக்கத்தில் நின்ற என்னிடம் வந்தார். நான் சொன்னேன்:

"தம்பி, சீசன் டிராஃபிக்ல என் ஹஸ்பண்டை ஏத்துன ஆம்புலன்ஸ் நகர முடியாம நின்னுச்சு. இ-பாஸ் கட்டாயம் இருக்கணும்."

அதே கை அதே நெஞ்சுக்குப் போனது. "டோன்ட் வொரி ஆன்ட்டி. இ-பாஸை யாரும் தொட முடியாது."

அவருடைய ஜீப் நகர்ந்ததும் செல்வம் சிரித்தார். "என்னங்கம்மா, உங்க டாக்டரு நம்ம ரெண்டு பேரையுமே ஜெயிக்க வச்சுட்டாரே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'கடைக்காரருக்கும் பிழைப்பு இருக்கிறது, யோசித்துத்தான் சொல்ல முடியும்' என்று வேட்பாளர் என்னிடம் மறுத்திருந்தால்கூட என் ஓட்டு அவருக்குத்தான்.

அவர் படிப்பைப் பற்றி நான் எழுதியதை நீக்கப் போவதில்லை. அதெல்லாம் உண்மை.

ஆனால் உங்களில் யாரிடமாவது அவர் ஒரே ஒரு தடவை "முடியாது" என்று சொல்லியிருந்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள். அவருக்கே ஓட்டுப் போட எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது.