ஓஸ்வால்ட் பார்த்த நாலு விரல்

பொய் சொல்கிறவர்களைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று வீணாவுக்கு ஆபீஸில் ஒரு பெயர் இருந்தது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கால் சென்டரில் வேலை. விபத்து, திருட்டு என்று க்ளெய்ம் போடுகிறவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிற பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். கேட்காததையெல்லாம் விவரித்துச் சொல்கிறவனை அவள் நம்ப மாட்டாள். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவனையும் நம்ப மாட்டாள். "தெரியலைங்க, நான் கவனிக்கலை" என்று நடுவில் ஒரு தடவையாவது சொல்கிறவன்மேல்தான் அவளுக்கு நம்பிக்கை வரும்.

பிறந்து வளர்ந்தது ஒக்கலிபுரத்தில். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். கணவன் உத்தமன் பொம்மசந்திராவில் ஒரு லேத் பட்டறையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். மகள் பிறந்த பிறகு கம்பெனி கேப் வண்டி வரும் நேரத்துக்கெல்லாம் ஓட முடியாமல் வீணா வேலையை விட்டாள். மகள் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகு சித்தி மகன் ராகேஷ் வந்து கேட்டான். அவன் ஒரு தமிழ் யூடியூப் சேனல் வைத்திருந்தான்.

"அக்கா, நீ சும்மா படிச்சுக் கொடு. உன் குரல்ல நியூஸ் படிச்சா பொய்கூட நிஜம் மாதிரி இருக்கும்" என்றான்.

அவன் சொன்னதை அவள் அன்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

சேனலில் அதிகம் ஓடியது பறக்கும் தட்டு வீடியோக்கள்தான். அமெரிக்காவில் ராணுவத்திலும் உளவுத்துறையிலும் இருந்தவர்கள் வெளியே வந்து, அரசாங்கம் வேற்றுக்கிரக விமானங்களை ஒளித்து வைத்திருக்கிறது, மலைக்கு அடியில் ரகசியத் தளங்கள் இருக்கின்றன என்று சொல்வதை எல்லாம் ராகேஷ் தொகுத்து எழுதுவான். வீணா படிப்பாள். படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்பாள்: "இவர் தானே பார்த்தாரா, பார்த்த ஒருத்தர் சொல்லிக் கேட்டாரா?" முக்கால்வாசிப் பேர் கேட்டவர்கள்தான். பெரிய பதவி, நல்ல கோட்டு, சத்தியப் பிரமாணம் எல்லாம் இருக்கும். ஆனால் பார்த்தது இன்னொருத்தர். அது க்ளெய்ம் ஃபைல் என்றால் அவள் அங்கேயே மூடியிருப்பாள்.

அந்த நிலைமையில்தான் ஓஸ்வால்ட் சேனலுக்குப் போன் செய்தார். "நான் என் கண்ணால பார்த்தேன். இங்கேதான். பெங்களூர்லதான்" என்றார்.

காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். ஐம்பது வயதிருக்கும். பெரிய கட்டடங்களில் ஏசி பிளான்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ். சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டிய பிறகும் தொடவில்லை.

"கான்ட்ராக்டர் வேன்ல கூட்டிட்டுப் போனார் மேடம். கண்ணாடியெல்லாம் பேப்பர் ஒட்டியிருந்தாங்க. ஓசூர் ரோடுன்னு மட்டும் தெரியும், பொம்மசந்திரா தாண்டின மாதிரி இருந்தது. கூட்ஸ் லிஃப்ட்ல கீழே போனோம். கீழே, கீழே. எத்தனை மாடின்னு தெரியலை. கூலிங் சரி பண்ணணும்னாங்க. போன்லாம் மேலேயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

"கீழே என்ன இருந்துச்சு அண்ணா?"

"நீளமா ஒரு நடை. கடைசியில இரும்புக் கதவு. அதுல இவ்ளோண்டு கண்ணாடி." கையால் முகத்தளவு காட்டினார். "அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருந்துச்சு."

"என்னது?"

"தெரியாது மேடம். சாம்பல் கலர் மூஞ்சி. கண்ணு பெருசா... இமைக்கவே இல்லை. கையைக் கண்ணாடில வெச்சுது. நாலு விரல். மெதுவா அந்தக் கை கீழே இறங்கிச்சு. என்னை யாரோ பின்னாடி இழுத்துட்டாங்க." உதட்டைத் துடைத்துக்கொண்டார். "என்கூட வேலைக்கு வந்த ஆள் அந்த வாரமே ரோட்ல அடிபட்டுச் செத்துட்டான். அடுத்தது நான்தான்னு தெரியும். யாருகிட்டயாவது சொல்லிட்டா விட்டுடுவாங்களோன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

வீணா முன்னும் பின்னும் மாற்றி மாற்றிக் கேட்டாள். கதை மாறவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். காசு கேட்கவில்லை, முகத்தைக் காட்ட வேண்டாம் என்று மட்டும் கெஞ்சினார். பேக்கரி ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் திடீரென்று ஓட ஆரம்பித்தபோது அவர் உடம்பு முழுக்க ஒரு தடவை தூக்கிப் போட்டது. அதை யாராலும் நடிக்க முடியாது.  இந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று வீணாவுக்குத் தெரிந்துவிட்டது.

ராகேஷ் துள்ளிக் குதித்தான். "நாலு விரல் அக்கா! அமெரிக்காக்காரங்களும் நாலு விரல்னுதான் சொல்றாங்க! இவருக்கு இங்கிலீஷ் வீடியோவெல்லாம் பார்க்கத் தெரியுமா? தெரியாது. அப்போ எப்படி ரெண்டும் ஒத்துப்போகுது?"

 ஓஸ்வால்டின் குரலை மாற்றி, அவள் கேள்வி கேட்கிற மாதிரி வைத்து, வீடியோ போட்டார்கள். லட்சக்கணக்கில் பார்த்தார்கள்.

அதன் பிறகு வீணாவால் சாதாரணமாக இருக்க முடியவில்லை. உத்தமன் தினமும் அந்த ஓசூர் ரோட்டில்தான் போய் வந்தான். அவன் போன் எடுக்க ஐந்து நிமிஷம் தாமதமானால் பட்டறை நம்பருக்கே கூப்பிடுவாள். மேம்பாலத்தில் பஸ் போகும்போது கீழே தெரியும் தொழிற்சாலைக் கூரைகளைப் பார்க்க மாட்டாள். அந்தக் கூரைகளுக்கு அடியில் எத்தனை மாடி இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நிற்க ஆரம்பித்தது. கேஸ் பைப்லைன் சர்வே என்று வந்த ஒருவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் போனான். மகளை விளையாட வெளியே விடுவதை நிறுத்தினாள்.

"ஏன் இப்படிப் பயப்படறே? உலகத்துல எவனோ சொல்றதையெல்லாம் நீதானே பொய்யின்னு சொல்லுவே?" என்றான் உத்தமன்.

"இவர் பொய் சொல்லலைங்க. அதான் பயமா இருக்கு."

ஒரு நாள் மதியம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவள் போனுக்கே ஒரு அழைப்பு வந்தது. நிதானமான ஆண் குரல். கன்னட வாடை அடிக்கும் தமிழ்.

"மேடம், வீடியோ நல்லா பண்ணியிருக்கீங்க. அந்தக் கூட்ஸ் லிஃப்ட் விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்க யாரு?"

"ஒக்கலிபுரம்தானே வீடு? பாப்பா யூனிஃபார்ம்ல அழகா இருக்கா. ஸ்வல்ப, கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க மேடம்."

அந்த மனிதன் கோபப்படவே இல்லை. சொந்தக்காரன்போலப் பேசினான். வீணா ஈரத் துணியோடு உள்ளே ஓடிப்போய்க் கதவுச் சங்கிலியை மாட்டினாள். அப்படியானால் எல்லாம் உண்மை. கீழே இருக்கிறார்கள். இங்கேயும் வந்துவிட்டார்கள்.

மறுநாள் யாரோ கதவைத் தட்டியபோது அவள் சங்கிலியை எடுக்காமலேதான் திறந்தாள். வெளியே கறுப்புப் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள்.

"உங்க தம்பி ராகேஷ்தான் அட்ரஸ் கொடுத்தார். நான் டோரீன். ஓஸ்வால்டோட தங்கச்சி. குரலை மாத்தினா என் அண்ணனை எனக்குத் தெரியாதா?"

வீணா உள்ளே அழைத்தாள். டோரீன் உட்காரவில்லை.

"அவன்கூட வேலைக்குப் போன ஆள் ரோட்ல செத்தான்னு சொல்றான் இல்ல? அது லாயிட். என் வீட்டுக்காரர். கான்ட்ராக்டர்தான் பாடியைக் கொண்டுவந்தான். ஓசூர் ரோட்ல பைக் ஆக்ஸிடென்ட்னு சொன்னான். ஒரு கீறல் இல்லை. மூஞ்சி மட்டும் சாம்பல் பூசின மாதிரி. நான் கேட்டேன், எதைக் கேட்டாலும் கையெழுத்துப் போடுன்னாங்க. அன்னைக்கிலிருந்து என் அண்ணன் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசினதில்லை. ஏன்னு இத்தனை நாள் எனக்குத் தெரியலை."

டோரீன் தன் இடது கையைத் தூக்கி, சுண்டு விரலை மடக்கினாள்.

"லாயிட் சின்ன வயசுல ஒரு பிளான்ட்ல பெல்ட்ல கையை விட்டுட்டார். இந்தக் கையில நாலு விரல்தான்."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. வீணா எழுந்து போய் அடுப்பை அணைக்கவில்லை. ஓஸ்வால்ட் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது வேறு விதமாகத் திரும்பி நின்றது. பெரிய கண், இமைக்காத கண், கண்ணாடியில் வைத்த கை, மெதுவாகக் கீழே இறங்கிய கை. இவர் பொய் சொல்கிறாரா என்று மட்டுமே அவள் சோதித்திருந்தாள். நிஜமாகப் பார்த்த ஒன்றை, தாங்க முடியாமல் இன்னொன்றாக ஆக்கிக்கொண்டிருப்பாரோ என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

போன் செய்தவனைப் பற்றி டோரீனிடம் சொன்னாள். டோரீன் தன் போனை எடுத்து ஒரு நம்பரைக் காட்டினாள். அதே நம்பர். "அந்தக் கான்ட்ராக்டர்தான். எனக்கும் பண்ணினான்."

அரசாங்கமோ ஆகாயத்திலிருந்து வந்தவர்களோ இல்லை, ஒரு கான்ட்ராக்டர். வீணாவுக்குப் பயம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. இவனுக்கு அவள் மகளின் யூனிஃபார்ம் தெரியும்.

இருவரும் லிங்கராஜபுரத்தில் ஓஸ்வால்டின் அறைக்குப் போனார்கள். நெடுநேரம் தட்டிய பிறகே திறந்தார். ஜன்னலெல்லாம் அட்டை. பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார். "கீழே இருந்து சத்தம் வருது" என்றார், அவர்கள் கேட்காமலே. தங்கையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

டோரீன் சத்தம் போடவில்லை. "ஓஸி, அது எந்தக் கை?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் தன் இடது கையைத் தூக்கி, இல்லாத கண்ணாடியில் வைப்பதுபோல் வைத்தார். அப்படியே நின்றார். முகம் கோணியது.

"கேஸ் லீக்காயிடுச்சு டோரீன். கதவு தானா லாக் ஆயிடுச்சு. நான் திறக்கப் போனேன். திறந்தா எல்லாரும் சாவோம்னு பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க. அவன் என்னையே பார்த்தான்."

டோரீன் அவர் சட்டையைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்று வீணா நினைத்தாள். அவள் அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஓஸ்வால்டின் குரல் பழையபடி ஆகிவிட்டது.

"ஆனா அது லாயிட் இல்லை. லாயிட் ரோட்லதான் செத்தான். அது வேற. மனுஷன் அப்படிப் பார்க்க மாட்டான்."

சொல்லிவிட்டு வீணாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க நம்பறீங்க இல்ல மேடம்?"

அவளால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மனிதர் அவள்மேல் வைத்திருந்த நம்பிக்கை அந்த அறையிலேயே போய்விட்டதை அவர் மூச்சில் கேட்டாள்.

ராகேஷ் முதலில் சேனலிலிருந்து வீடியோவை நீக்க மறுத்தான். கான்ட்ராக்டர் அவனுக்கும் போன் செய்த அன்று நீக்கிவிட்டான். நடந்ததைச் சொல்லி வீணா தன் பெயரோடு ஒரு புது வீடியோ பதிவு செய்தாள். உத்தமன் அதை இரண்டு தடவை கேட்டான். பிறகு, "போடு. நான் ஷிஃப்ட் மாத்திக்கறேன், பாப்பாவை நானே ஸ்கூல்ல விடறேன்" என்றான். டோரீன் வக்கீல் ஒருவரைப் பிடித்து போலீசிலும் தொழிலாளர் துறையிலும் புகார் கொடுத்தாள். வீணா சாட்சியாகக் கூடவே போனாள், போகிற வழியெல்லாம் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தபடி. அதிகாரிகள் அந்த இடத்துக்குப் போனார்கள். மருந்துச் சரக்கு வைக்கும் குளிர்சாதனக் கிடங்கு, அனுமதி இல்லாமல் தோண்டிய அடித்தளத்தில். ஓஸ்வால்ட் எத்தனை மாடி என்று தெரியாமல் இறங்கியது வெறும் இரண்டு மாடி. கான்ட்ராக்டரைக் கைது செய்து, ஜாமீனில் விட்டார்கள். வழக்கு நடக்கிறது. வெள்ளைக் கார் எதிரே இருந்த பிஜி ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பையனுடையது என்று பிறகு தெரிந்தது. கேஸ் சர்வேக்காரன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

ஓஸ்வால்ட் இப்போது ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருக்கிறார். சில நாள் லாயிட் பெயரைச் சொல்லி அழுகிறார். சில நாள் கட்டிலுக்கு அடியில் சத்தம் கேட்கிறது என்கிறார். டோரீன் ஞாயிறுதோறும் போகிறாள்.

பழைய வீடியோ போகவில்லை. வேறு பத்து சேனல்களில் அது ஓடுகிறது. ராகேஷ் அதை நீக்கியதே அதற்குப் பெரிய ஆதாரமாகிவிட்டது. "அந்தப் பொண்ணை மிரட்டி வாபஸ் வாங்க வெச்சுட்டாங்க, குரல்ல பயம் தெரியுது பாருங்க" என்று எழுதுகிறார்கள். பயம் தெரிகிறது என்பது உண்மைதான். வீணா விளக்கம் சொன்ன வீடியோவை ஓஸ்வால்ட் வீடியோவைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

போன மாதம் மெஜஸ்டிக் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டாள். அவள் குரலைக் கேட்டு முன் சீட்டில் இருந்த இளைஞன் சட்டென்று திரும்பினான்.

"அக்கா, நீங்கதானே? அந்த அண்டர்கிரவுண்ட் பேஸ்? உங்களை யாரு மிரட்டினாங்க? தைரியமா சொல்லுங்கக்கா, நாங்க இருக்கோம்." போனை உயர்த்திப் பிடித்திருந்தான். மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மிரட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். பெயரும் தெரியும். அந்த ஆள் ஜாமீனில் இதே ஊரில்தான் இருக்கிறான், இந்த வீடியோவையும் பார்ப்பான். வீணா கதவுப் பக்கம் நகர்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கூட்டத்தோடு சேர்ந்து வேகமாக நடந்தாள். அந்த இளைஞனும் இறங்கிவிட்டானா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.