அறுபத்து மூன்று முத்திரைகள்

ஷிமோதைரா குடியிருப்பில் வீடுகள் அறுபத்து மூன்று. மொமோசே யசுஹிகோவின் வீடு நான்காம் குழுவில் ஆறாவது. முன்பக்கம் மின்சாதனம் பழுதுபார்க்கும் கடை, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவே இரும்பு அலமாரி ஒன்று. அந்த அலமாரியில் முப்பத்தோரு ஆண்டுகளாக வந்த ஒவ்வொரு அறிவிப்பும் அழைப்பும் நகராட்சிக் கடிதமும், வந்த தேதியைப் பென்சிலால் குறித்து, ஆண்டு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு திருப்புளியைப் பிடித்தவர். உள்ளாட்சிச் சட்டத்தை நகர நூலகத்தில் அமர்ந்து தாமாகவே படித்துக்கொண்டார்.

இரண்டு முறை அவர் நகர மன்ற உறுப்பினராக இருந்தார். இரண்டு முறையும் குடியிருப்போர் சங்கம் அவரைப் பரிந்துரைத்தது. மூன்றாம் முறைக்கு ஒரு மாதமே இருந்தபோது, சங்கத் தலைவர் கராசாவா கடை வாசலில் வந்து நின்று, இந்த முறை சாராயக் கடை அகஹானே தைச்சியைச் சங்கம் ஒருமனதாகப் பரிந்துரைத்திருப்பதாகச் சொன்னார்.

"ஒருமனதாவா? கூட்டம் எப்ப நடந்துச்சு, தலைவரே?"

"கூட்டம் எதுக்கு? சுற்றுப்பலகையில அஞ்சாவது தாளாப் போச்சு. அறுபத்து மூணு வீடும் முத்திரை வெச்சிருக்கு."

"என் வீடுமா?"

"உங்க வீடுந்தான்." கராசாவா சிரிக்கவில்லை, அதுவே அவருடைய சிரிப்பு. "நீங்க நல்லவரு, மொமோசே-சான். ஆனா மன்றத்துல எழுந்தா உக்கார மாட்டேங்கறீங்க. ஆத்தோர ரோட்டுக் கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எங்கேன்னு மூணு தடவை கேட்டீங்க. மேயர் என் மூஞ்சியப் பாக்கறாரு."

சுற்றுப்பலகை என்பது அட்டையில் கோத்த அறிவிப்புகள். ஒரு வீட்டார் பார்த்து, தம் பெயருக்கு நேரே முத்திரை வைத்து, அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைப்பார்கள். முத்திரைக்குப் பொருள் ஒன்றே: பலகை இந்த வீட்டைக் கடந்துவிட்டது. யசுஹிகோ மனைவியிடம் கேட்டார். ஃபுசா அன்று மிசோ என்னும் புளிக்கவைத்த விழுதுக்காகச் சோயா வேகவைத்துக் கொண்டிருந்தாள்.

"ஏழு தாள் இருந்துச்சுங்க. குப்பை நாள் மாத்தம், காய்ச்சல் ஊசி, காணாமப்போன நாய்... பொங்கி வழியுதேன்னு எல்லாத்துலயும் டக்கு டக்குன்னு வெச்சுட்டு, பக்கத்து வீட்டுல போட்டுட்டு வந்தேன்."

"அஞ்சாவது தாள்?"

"நாய்க்கு அடுத்ததா?" அவள் கை துடுப்பிலேயே நின்றது. "ஐயோ."

ஐந்தாவது தாளில், ஆட்சேபம் உள்ளவர்கள் இருபதாம் தேதிக்குள் தெரிவிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. பலகை அவர்கள் வீட்டுக்கு வந்ததே பத்தொன்பதாம் தேதி மாலை. யசுஹிகோ சங்கத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஆறு குழுக்களின் முத்திரைத் தாள்களுக்கும் நகல் வாங்கினார். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்டு, அந்தச் சீட்டுக்கும் ஒரு நகல் கேட்டார்.

போட்டியிடாமல் ஒதுங்கிவிடலாம் என்றாள் ஃபுசா. அவருக்கு மன்ற இருக்கை வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. அதைவிட, இந்த அறுபத்து மூன்று பேரும் தம்மை வேண்டாம் என்றார்களா, பலகையை வெறுமனே கடத்திவிட்டார்களா என்பது தெரிந்தாக வேண்டும். பன்னிரண்டு இடங்கள், பதினான்கு பேர். அவர் பதினான்காவது ஆளாக மனுத்தாக்கல் செய்தார்.

ஏப்ரலில் ஐந்து நாள் பிரச்சாரம். அந்நாட்டுச் சட்டப்படி, வேட்பாளர் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பது குற்றம். அந்த ஐந்து நாளும் யசுஹிகோ பழுதுபார்க்கும் வேலையையே நிறுத்திவைத்தார். பக்கத்து வீட்டு ஷியோஹாரா அம்மாளின் தண்ணீர் மோட்டார் நின்றபோதும், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியேதான் வழி சொன்னார்.

"சும்மா உள்ள வாங்க, யாரும் பாக்கல!"

"பாக்கலங்கறதுக்காகச் சட்டம் மாறாதுங்க. அந்தச் சிவப்பு ஒயரத் தொடாதீங்க. பக்கத்துல இருக்கற திருகை மட்டும் இடது பக்கமா."

"ஓட்டுக் கேக்க வராதவரைக் கேள்விப்பட்டிருக்கேன், மோட்டாருக்கும் வராதவர் நீங்க ஒருத்தர்தான்!"

வீடுகளுக்குப் போக முடியாததால், வேட்பாளரின் அலுவலகத்துக்கு மக்கள் வருவதுதான் வழக்கம். வந்தவர்கள் தேநீர் குடித்து, கீரை ஊறுகாயைக் கடித்து, சுவரைப் பார்ப்பார்கள். அகஹானேயின் சுவரில் 'வெற்றி உறுதி' என்று தூரிகையால் எழுதிய வாழ்த்துத் தாள்கள் நாற்பத்தொன்று கூரைவரை ஏறியிருந்தன: மாகாண மன்ற உறுப்பினர், விவசாயக் கூட்டுறவு, தீயணைப்புத் தொண்டர் படை, கோயில் குழு. யசுஹிகோ அந்தப் பட்டியலை எழுதி, ஒவ்வோர் அமைப்பின் உறுப்பினர் தொகையையும் எதிரே குறித்துக் கூட்டினார். பதினோராயிரத்து இருநூறு. நகரத்தின் மொத்த வாக்காளர்கள் நாலாயிரத்து முந்நூறு. ஒரே மனிதர் நெல்லுக்குக் கூட்டுறவிலும், தீக்குப் படையிலும், திருவிழாவுக்குக் கோயிலிலும் உறுப்பினர். போதாததற்கு, அதே அமைப்புகள் வேறு ஒன்பது வேட்பாளர்களுக்கும் அதே தாளை அனுப்பியிருந்தன.

அவருடைய சுவருக்கு ஒன்றுகூட வரவில்லை. எனவே அந்த ஆறு நகல்களையும் ஒட்டினார். தேர்தல் அலுவலகத்தில் முன்பே கேட்டு, உட்சுவருக்குத் தடையில்லை என்ற பதிலை, சொன்ன எழுத்தரின் பெயரோடும் நேரத்தோடும் குறித்துக்கொண்டிருந்தார். மேலே ஒரே வரி: 'என் எதிர்ப்பாளருக்கு ஷிமோதைரா அளித்த பரிந்துரை. எங்கள் வீட்டு முத்திரை நான்காம் குழுத் தாளில்.'

முதல் நாள் எவரும் வரவில்லை. சங்கம் பரிந்துரைக்காதவரின் வாசலில் காலணி கழற்றுவதைத் தெருவே பார்க்கும். இரண்டாம் நாள் ஷியோஹாரா அம்மாள் வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நான்காம் தாளில் விரலை ஓட்டினாள்.

"என்னோடதும் இருக்கே! நான் எப்ப வெச்சேன்?"

"பத்தொன்பதாம் தேதி. எங்க வீட்டுக்கு அடுத்து."

"நாயைத் தேடறாங்கன்னுல்ல வெச்சேன்!"

அன்று மாலைக்குள் செய்தி பரவியது. மறுநாள் காலையிலிருந்து, வாக்களிக்கும் எண்ணத்தோடு அல்ல, தங்கள் முத்திரையைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். 'நான் பாக்கவே இல்ல, மாமனார் வெச்சிருக்காரு' என்றார் ஒருவர். 'இது தலைகீழா இருக்கு, இது செல்லுமா?' என்று கேட்டார் இன்னொருவர். தாம் படித்துத்தான் வைத்ததாகவும், அகஹானே நல்ல பையன் என்றும் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கும் தேநீர் கொடுக்கப்பட்டது. நாற்பத்தாறு வீடுகளிலிருந்து வந்தார்கள். யசுஹிகோ யாரிடமும் எதையும் வாதாடவில்லை. தாளைக் காட்டினார், அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை இரவு எண்ணி முடித்தார்கள். அகஹானே நூற்று எழுபத்தொன்று, பதினோராவது இடம். பன்னிரண்டாவது இடம் நூற்று அறுபத்து மூன்றுக்குப் போனது. மொமோசே யசுஹிகோ நூற்று ஐம்பத்தேழு.

ஆறு வாக்குகளில் தோல்வி. வாக்குச்சாவடிப் பெட்டிகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்த பிறகே எண்ணுவதால், ஷிமோதைராவின் நூற்று நாற்பத்தெட்டு வாக்காளர்கள் வாக்குச்சீட்டில் யார் பெயரை எழுதினார்கள் என்பதற்கு எந்த ஆவணமும் கிடையாது. பரிந்துரை அகஹானேயை ஏற்றியதா, அவருடைய இருபது ஆண்டுச் சாராயக் கடைப் பழக்கமா. சுவரில் ஒட்டிய தாள் தமக்கு ஆதரவைக் கூட்டியதா, இல்லை முத்திரைக்காரர்களை வெட்கப்படவைத்து விரட்டியதா. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் எழுதிப் பார்த்தார். எந்தத் தாளும் நிரம்பவில்லை.

அடுத்த மூன்று வாரங்களில், கடைத்தெருவிலும் பொது வெந்நீர்க் குளியலகத்திலும், 'நான் உங்க பேரைத்தான் எழுதினேன்' என்று அவரிடம் நேரில் சொன்னவர்களை நோட்டில் குறித்துக்கொண்டார். மாத இறுதியில் அந்தத் தொகை இருநூற்று மூன்று. அவர் வாங்கியதைவிட நாற்பத்தாறு அதிகம். அந்த நோட்டை அலமாரியில் வைத்தார். கடையைத் தேர்தலுக்கு மறுநாளே திறந்துவிட்டிருந்தார். முதல் வேலை ஷியோஹாரா அம்மாளின் மோட்டார். சிவப்பு ஒயரைத் தொட்டிருந்தாள்.

ஜூன் முதல் வாரம் கராசாவா மறுபடி கடைக்கு வந்தார். கால்வாய் தூர்வாரும் ஞாயிற்றுக்கிழமை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அறிவிப்புப் பலகை வந்துசேராததால், அறுபத்து மூன்று வீடுகளில் பத்தொன்பது பேர்தான் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள்.

"மூணு நாள்ல திரும்பற பலகை பதினோரு நாள் ஆகுது. நாலாம் குழுப் பலகை இன்னும் வரவே இல்ல. எங்க பாத்தாலும் உக்காந்து படிக்கறாங்களாம். போன் போட்டுக் கேள்வி வேற. காய்ச்சல் ஊசிக்கு ஒப்புதல் கேக்கறீங்களா, தகவல் சொல்றீங்களான்னு. எல்லாம் நீங்க பண்ண வேலை, மொமோசே-சான்."

"பலகை இப்ப யார் வீட்ல இருக்கு?"

"உங்க வீட்டுலதான். நாலு நாளா!"

யசுஹிகோ திரும்பிப் பார்த்தார். உள்ளறையில் ஃபுசா குட்டை மேசைமீது பலகையை விரித்து, முத்திரைப் பெட்டியை மூடியபடியே பக்கத்தில் வைத்திருந்தாள்.

"வாங்க தலைவரே," என்றாள், தலை நிமிராமல். "நீங்களே வந்துட்டது நல்லதாப் போச்சு. நாலு தாள் முடிச்சுட்டேன். இந்த அஞ்சாவது தாளைக் கொஞ்சம் விளக்குங்க."