ஐந்து ரிப்போர்ட்டில் நான் போட்ட கையெழுத்து

1

அடையாறில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு ஆண்டுகள் ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் பொறுப்பு என்னுடையது. ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு நான் செய்த ஒரு காரியத்தை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

ரத்தம் வழியாகப் பரவி ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி மூன்று தவணை. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு என்று பார்ப்போம். பத்து யூனிட்டுக்கு மேல் என்றால் பாதுகாப்பு உண்டு. அதற்குக் கீழே என்றால் ஊசி பிடிக்கவில்லை, மறுபடி போட வேண்டும்.

அந்த ஆண்டு ஒரு நாள், எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா ரீடரில் வந்த தாளில் ஐந்து பேர் பத்துக்குக் கீழே இருந்தார்கள். நான்கு, ஆறு, மூன்று, ஏழு, ஐந்து. ஐவருக்கும் தி. நகரில் ஒரே பட்டறையில் வேலை. பட்டுப் புடவையில் காபியோ எண்ணெயோ ஒட்டாமலிருக்க ஒரு மருந்தை ஸ்ப்ரே அடித்துக் கொடுக்கும் இடம் அது. அவர்களில் ஸ்டெல்லா என்பவரின் கணவர் உடம்பில் ஹெபடைடிஸ் பி கிருமி தங்கிவிட்டிருந்தது. மனைவி ஊசி போட்டே ஆக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூட வேலை பார்த்த நால்வரும் பயந்துபோய் அவருடன் ஒரு முகாமில் போட்டுக்கொண்டார்கள்.

ரத்தம் எடுக்கும்போது ஸ்டெல்லா பேசிக்கொண்டே இருந்தார். "சீக்கிரம் எடு சார். மூணு மணிக்குள்ள அறுவது பொடவ அடிக்கணும்."

"மாஸ்க் போட்டுக்க மாட்டீங்களா?"

"போட்டா மூச்சு முட்டுது. ஜன்னல தொறந்தா தூசி படும்னு ஓனரு கத்துவாரு. பொடவைல எதுவும் ஒட்டாது சார். எல்லாம் எங்க தொண்டைல ஒட்டிக்கினு கீது."

நானும் சிரித்தேன்.

தாளை எடுத்துக்கொண்டு கூடத்தின் உரிமையாளரான டாக்டரிடம் போனேன்.

"என்ன சார், அஞ்சு பேரும் ஃபெயிலா? அஞ்சு பேருக்கும் சேர்ந்து சாபம் விட்டாங்களா? டெஸ்ட் கிட்டைப் பாருங்க."

"கூட ஓட்டின கன்ட்ரோல் சாம்பிள் சரியாத்தான் வந்திருக்கு டாக்டர். ஒருவேளை முகாம்ல ஊசி மருந்து உறைஞ்சு கெட்டுப்போயிருக்கலாம்."

"அப்படி எழுதினா முகாம் நடத்தினவங்க நாளைக்கு என் ரூம்ல வந்து உக்காருவாங்க. பழைய லாட்ல ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன்."

பழைய லாட் என்பது காலாவதித் தேதியை நெருங்கிய கிட். அது கூட்டிக் காட்டும் என்று எங்கள் கூடத்தில் அனைவருக்கும் தெரியும். டாக்டருக்கும் தெரியும். ஒரே இடத்துச் சாம்பிள்கள் மொத்தமாகக் குறைந்தால் மெஷினைத்தான் சந்தேகப்படுவோம். அந்தப் பழக்கம் எனக்கு வசதியாக இருந்தது. ஓட்டினேன். ஐந்தும் பத்தைத் தாண்டின. ஸ்டெல்லாவுக்கு 10.4. 'பாதுகாப்பு உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். டீ குடிக்கப் போனேன்.

2

ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, போன ஆடி மாதம், திருவான்மியூரில் என் வீட்டில் காலைக் காபியோடு ஒரு கட்டுரை படித்தேன். கறை ஒட்டாத பூச்சுகளில் சேர்க்கப்படும் சில ரசாயனங்கள் உடம்பில் பல ஆண்டுகள் தங்கும், தடுப்பூசிக்கு உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்குவதை அவை குறைக்கக்கூடும் என்று இருந்தது. அந்த ஐந்து எண்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

மறுநாள் தி. நகர் போனேன். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். விசாரித்து விசாரித்து, பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் ஸ்டெல்லாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு திறந்திருந்தது. கணவருக்கு ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். தாடையில் பிளேடு பட்டு ரத்தம். வெறும் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். விரல் நுனிகள் முழுக்க வெடிப்பு.

நான் கத்திவிட்டேன். "கைய எடும்மா!"

"அட, லேப் சாரு!" என்று சிரித்தார். "எனக்கு ஒண்ணியும் ஆவாது சார். ஒங்க ரிப்போர்ட்ட லேமினேஷன் போட்டு வச்சிக்கீறேன். மாமியா வந்து பயமுறுத்துனா அத்தத்தான் காட்டுவேன்."

உட்காரச் சொன்னதையும் கேட்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பழைய லாட் என்றால் என்ன என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சிரிப்பு போய்விட்டது. கணவர் முகத்தில் சோப்பு நுரை அப்படியே காய்ந்தது.

"இத்தினி வருஷம் இவரு பல்லுல ரத்தம் வந்தா என் கையாலதான் சார் தொடச்சேன்" என்றார். "உன் காயிதத்த நம்பித்தானே?"

கணவர் மெதுவாகச் சொன்னார்: "ஸ்டெல்லா, என் பக்கத்துல வராத."

அதை விடப் பயங்கரமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

3

ஸ்டெல்லா வேறொரு கூடத்தில் ரத்தம் கொடுத்தார்; மறுநாள் சாயங்காலம் வரை காத்திருந்தோம். ரிப்போர்ட் கவரை அவர் பிரித்து என்னிடம் நீட்டினார். கிருமி இல்லை. எதிர்ப்பொருள் இரண்டு யூனிட். அதாவது, இத்தனை ஆண்டுகளும் அவரைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

மறுபடி மூன்று ஊசி போட்டுக்கொண்டார். இந்த முறை நாற்பது வந்தது. ஸ்ப்ரே வேலையை விட்டதாலா, ஆறு ஊசி சேர்ந்ததாலா, எனக்குத் தெரியாது. முதல் தடவை குறைந்ததற்கும் அந்த மருந்துதான் காரணமா, உறைந்த ஊசியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சொல்லியிருக்கக்கூடிய ஒரே நாளில் நான் எண்ணை மாற்றினேன். ஒரே அறையில் வேலை செய்யும் ஐந்து பேருக்கும் குறைந்தால், அந்த அறையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இருபத்தாறு ஆண்டுகளில் நான் கேட்காத கேள்வி அது.

மற்ற நால்வரில் இருவரை ஸ்டெல்லாவே கூட்டிவந்தார். இருவருக்கும் பத்துக்குக் கீழேதான். லோகேஸ்வரி, மும்தாஜ் என்ற மற்ற இருவரின் போன் எண்களும் இப்போது உபயோகத்தில் இல்லை. மும்தாஜ் வேளச்சேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். ஊசியும் ரத்தமும் கையாளும் வேலை. மூன்று ஆஸ்பத்திரிகளில் கேட்டுவிட்டேன். உங்களில் யாருக்காவது இவர்களைத் தெரிந்தால் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு உண்டு என்று நான் எழுதிக்கொடுத்தது பொய்.